கலலாவ் கடற்கரையில் கூடாரம்: பர்மிட்டை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் ஆகஸ்டில் ஹவாயின் கவாய் தீவுக்குப் போகிறோம். கலலாவ் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. அதற்கான அனுமதியை, அதாவது பர்மிட்டை, தரும் அரசு இணையதளத்தில் எங்கள் தேதிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தன்னிடம் நான்கு பேருக்கான பர்மிட் இருக்கிறது, ஆளுக்கு 150 டாலர் என்கிறார் ஒருவர். படகில் கொண்டுபோய் இறக்கிவிடவும் ஆள் இருக்கிறதாம். "பீச் பொது இடம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் ஏதும் அனுப்பியிருந்தால் இன்றே கிரெடிட் கார்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு டிஸ்ப்யூட் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கலலாவ் பர்மிட்டை சினிமா டிக்கெட் போலக் கை மாற்ற முடியாது. யார் பெயரில் எடுக்கப்பட்டதோ அவருக்கு மட்டும்தான் அது. அங்கே நடந்து போகும் பாதையிலும் கடற்கரையிலும் மாநில அதிகாரிகள் வந்து பர்மிட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்துக் கேட்பார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் பர்மிட் இல்லாதவர். எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெளிமாநிலத்தாருக்கு அரசு வாங்கும் கட்டணம் ஓர் இரவுக்கு ஆளுக்கு 35 டாலர். உங்கள் இரண்டு இரவுக்கு 70. அவர் கேட்பது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். இப்படி விற்பவர்களில் ஒரு வகையினர் உண்மையிலேயே பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனவர்கள். போட்ட காசை எடுக்கப் பார்க்கிறார்கள், கெட்ட எண்ணம் இருக்காது. இன்னொரு வகையினர் ஒரே பி.டி.எஃப்-ஐப் பெயர் மாற்றி மாற்றிப் பத்துப் பேருக்கு விற்பவர்கள். மூன்றாவது வகையினரைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடாரம், படுக்கைப் பை, வண்டி, பர்மிட் எல்லாம் சேர்த்து "பேக்கேஜ்" என்பார்கள். கூடாரமும் வண்டியும் ஒழுங்காக வந்துவிடும். பர்மிட் மட்டும் "அங்கே போனதும் கிடைத்துவிடும்" என்று இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே போனதும் கிடைக்கிற பர்மிட் என்று ஒன்று பாதை தொடங்கும் இடத்தில் கிடையாது. அந்த மாநில அரசுக்கு ஏஜென்டும் கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை போனபோது ஒரு பேக்கேஜ்காரரை நம்பிப் பணம் கட்டினேன். கையில் வந்த தாளில் வேறு யாரோ ஒருவர் பெயர். விடியற்காலையில் நடக்கத் தொடங்கி முதல் மூன்று கிலோமீட்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். முதுகில் பதினாறு கிலோ மூட்டை, முழங்கால்வரை செம்மண் சேறு. திரும்பி நடந்தது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஹவாயில் கடற்கரை, அலை ஏறி வரும் எல்லைவரை பொதுச் சொத்துதான். நிற்கலாம், நடக்கலாம், குளிக்கலாம். இரவு தங்குவது வேறு சங்கதி. அதற்கு எந்த மாநிலப் பூங்காவிலும் அனுமதி வேண்டும். கலலாவ் இருக்கும் நாபலி கரையில் விதி இன்னும் கடுமை. நடைபாதை தொடங்கும் கேஏ கடற்கரையிலிருந்து 2 மைல் தள்ளியிருக்கும் ஹனகாபியாய் பள்ளத்தாக்கைத் தாண்டினாலே பகலிலும் முகாம் பர்மிட் தேவை. பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடுகிற பார்க்கிங் சீட்டு மாதிரி நினைக்காதீர்கள், இது குற்ற வழக்கு. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் வரும். இரண்டு இரவுக்காக அந்தக் கட்டத்தில் "ஆம்" போட வேண்டுமா?

படகு விஷயத்துக்கு ஒரே பதில்தான்: ஏறாதீர்கள். மோட்டார் படகோ ஜெட் ஸ்கீயோ கலலாவில் ஆளை இறக்கவும் ஏற்றவும் தடை இருக்கிறது. துறை கிடையாது, ஜெட்டி கிடையாது. படகுக்காரர் அலைக்கு வெளியே நிறுத்திக் "குதியுங்கள்" என்பார். மூட்டையோடு நீங்கள்தான் நீந்த வேண்டும். ஆகஸ்டில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பதை வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். திரும்பக் கூட்டிப்போக வரும் நாளில் கடல் அடங்கியிருக்கும் என்று எந்தப் படகுக்காரரும் எழுதிக் கொடுப்பதில்லை.

உங்களைப் போன்றவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அரசுத் தளத்தில் "ரெசிடென்ட்" என்றொரு கட்டணம் தெரியும், 25 டாலர். அதைப் பார்த்ததும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மகிழ்ந்துபோய் அழுத்திவிடுகிறார்கள், "நான் பெர்மனன்ட் ரெசிடென்ட் ஆயிற்றே" என்று. அந்த ரெசிடென்ட் வேறு, இந்த ரெசிடென்ட் வேறு. இங்கே அந்தச் சொல்லுக்கு ஹவாய் மாநிலத்தில் குடியிருப்பவர் என்று பொருள். ஹவாய் ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும் டெக்சாஸ் உரிமம் வைத்திருந்தால் நீங்கள் வெளியூர்க்காரர்தான். ஹொனலுலுவில் அத்தை வீடு இருந்தாலும், அந்த முகவரியில் உங்களுக்குத் தபால் வந்தாலும் அப்படியே. பத்து டாலர் மிச்சம் பிடிக்கப்போய் பர்மிட்டே செல்லாமல் போகலாம். போன ஆண்டு மட்டும் இதே கதையை மூன்று பேர் எனக்கு எழுதினார்கள்.

சரி, நேர்வழியில் எப்படி வாங்குவது? தங்கும் நாளுக்கு 90 நாள் முன்பு, ஹவாய் நேரப்படி நள்ளிரவு தாண்டியதும் இடங்கள் திறக்கும். கோடையில் டல்லாஸில் அப்போது காலை 5 மணி. கலலாவில் ஓர் இரவுக்கு 60 பேர்தான். கோடைத் தேதிகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இணைய முகவரி டாட் கவ் (.gov) என்று முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மாநில முத்திரையை ஒட்டிக்கொண்டு போலித் தளம் போடுவது யாருக்கும் பெரிய வேலை இல்லை.

இந்த ஏற்பாட்டை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. பர்மிட் 90 நாள் முன்பு ஒரு தளத்தில். பாதை தொடங்கும் ஹாயெனா பூங்காவில் வண்டி நிறுத்துவதும் ஷட்டில் பேருந்தும் இன்னொரு தளத்தில், 30 நாள் முன்புதான். ஆக, பர்மிட் கையில் வந்தபிறகும் இரண்டு மாதம் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டு வராதவர்கள் இடம் அப்படியே வீணாகப் போகிறது. எல்லாம் நிரம்பிவிட்டது என்ற நாளில் போய், கடற்கரையில் பாதி இடம் சும்மா கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காத்திருப்போர் பட்டியல் ஒன்று வைப்பதற்கு என்ன கேடு? அது இல்லாத வரைக்கும் பர்மிட் விற்பவன் பிழைத்துக்கொண்டுதான் இருப்பான். ஒரு நல்ல செய்தி, முகாம் பர்மிட் இருந்தால் ஹாயெனா நுழைவுக்குத் தனியாகப் பதிய வேண்டாம். வண்டிக்கு மட்டும் பதிய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் அபராதச் சீட்டு காத்திருக்கும்.

ஆகவே ஆகஸ்டை விட்டுவிட்டுத் தேதியை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள். 90 நாள் கணக்குப் போட்டு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில்தான் லீவு என்றால் தளத்தைக் காலையும் மாலையும் திறந்து பாருங்கள், யாராவது ரத்து செய்தால் இடம் தெரியும். நான்கு பேருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம், இரண்டு பேருக்குக் கிடைக்கும். மணலில் தூங்கினால் போதும் என்றால் அதே தீவின் வடக்கே அனினி கடற்கரை இருக்கிறது. கவுன்டி நிர்வாகம் தனியாகப் பர்மிட் தருகிறது, காரிலேயே போகலாம், குழாயும் கழிப்பறையும் உண்டு. வாரத்தில் ஒருநாள் முகாமுக்கு மூடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு பதியுங்கள்.

கலலாவே கிடைத்துவிட்டால் ஒரு வழிக்கு 11 மைல், அதாவது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். ஒரே நாளில் நடப்பவர்கள் உண்டு, நீங்கள் அவர்களைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ள வேண்டாம். பழைய எரிமலைக் குழம்புப் பாறை மட்கி உண்டான செம்மண் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மலைச் சரிவிலிருந்து கல் விழுவது சாதாரணம், எனவே அருவி விழும் பாறைக்கு அடியிலோ கடற்கரைக் குகையிலோ கூடாரம் போடாதீர்கள். மரங்களுக்கு நடுவே குறித்துவிட்ட இடம் இருக்கிறது. அருவித் தண்ணீர் கண்ணாடி போல் தெரியும், அதிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நன்றாகக் கொதிக்க வையுங்கள் அல்லது சுத்திகரிப்பு மாத்திரை போடுங்கள், வடிகட்டுவது மட்டும் போதாது. விறகு மூட்டக் கூடாது, அடுப்பு வேண்டும். அதற்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, தீவின் விமான நிலையம் இருக்கும் லிஹுவேயில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவலும் இட்லிப் பொடியும் போதும். செல்போன் சிக்னல் கிடையாது.

ஹனகாபியாய் ஓடையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரையில் வெயில் காயும்போதே மலைமேல் மழை கொட்டி, முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் சற்று நேரத்தில் மார்புக்கு வந்துவிடும். 2018 ஏப்ரலில் இந்த வடகரையில் உள்ள வைபாவில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் மழை பதிவானது. சாலை சிதைந்து, ஹாயெனாவும் இந்தப் பாதையும் மறுபடி திறக்க 2019 ஜூன் ஆனது. தண்ணீர் பழுப்பாக ஓடினால் கரையிலேயே உட்காருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். விமானத்துக்கு நேரமாகிறதே என்று இறங்கியவர்களைத்தான் அது அடித்துக்கொண்டு போயிருக்கிறது. திரும்பும் டிக்கெட்டை நடை முடிக்கும் நாளுக்கே போடாமல், நடுவில் ஒருநாள் விட்டுப் போடுங்கள்.