காலண்டர் தாளுக்குள் ஒரு நாவல்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ஒரு புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் ‘மதாம் பொவாரி’. கணவனுக்குத் துரோகம் செய்கிறவளின் கதை. ஆபாசம் என்று வழக்கே நடந்ததாம். கேட்டால் “அது கிளாசிக் அம்மா” என்கிறாள். இவ்வளவு காலம் கழித்தும் இதையெல்லாம் ஏன் படிக்கிறார்கள்? வாங்கி ஒளித்து வைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒளிக்க வேண்டாம், சகோதரி. ஒளித்துப் பார்த்தவர்களின் கதையும் இந்த நாவலுக்கு உண்டு. 1856-இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் இது தொடராக வந்தபோது, வம்பு எதற்கு என்று ஆசிரியர் குழுவே ஒரு காட்சியை வெட்டியது. வெட்டியதோடு விடாமல், வெட்டியிருக்கிறோம் என்று குறிப்பும் போட்டது. ஊர் சும்மா இருக்குமா? 1857 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எழுதிய குஸ்தாவ் ஃப்ளோபேரைப் பிப்ரவரியில் நீதிமன்றம் கண்டித்துவிட்டு விடுதலை செய்தது. ஏப்ரலில் புத்தகம் வந்தது, நன்றாக விற்றது.

வெட்டுப்பட்ட காட்சியைச் சொல்கிறேன். ரூவான் நகரத் தெருக்களில் திரை இழுத்து மூடிய குதிரை வண்டி ஒன்று மணிக்கணக்கில் சுற்றுகிறது. உள்ளே நாவலின் நாயகி எம்மாவும் அவள் காதலனும். வண்டி நின்றால் உள்ளிருந்து அதட்டல். வண்டிக்காரனுக்குத் தாகம், களைப்பு, அழாத குறை. ஒரே ஒரு முறை வெறுங்கை ஒன்று திரைக்கு வெளியே நீண்டு காகிதத் துண்டுகளை வீசுகிறது. சிவப்பாகப் பூத்துக் கிடக்கும் வயலில் அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் போல விழுகின்றன. அவ்வளவுதான். ‘அந்தப் பக்கத்தை’த் தேடித்தான் நானும் உங்கள் மகள் வயதில் இதைப் புரட்டினேன், ஏமாந்தேன். கிழிபட்டது, அவனை மறுத்து அவளே எழுதி வைத்திருந்த கடிதம் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

வழக்கு நடந்த புத்தகங்கள் எத்தனையோ. பெரும்பாலானவற்றை இன்று யாரும் தொடுவதில்லை. இது நிற்பதற்கு நான் காணும் காரணம், எம்மா நல்லவளா கெட்டவளா என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டதுதான். அரசு வழக்கறிஞருக்கும் அதில்தான் ஆத்திரம். அவளைக் கண்டிக்க நாவலில் ஒருவர்கூட இல்லையே என்று வாதாடினார்.

காதலுக்காக அவள் விஷம் குடித்தாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மையில் கழுத்தை நெரித்தது கடன். ஊர்த் துணி வியாபாரி ‘பணத்துக்கு என்ன அவசரம்’ என்று சிரித்துக்கொண்டே சரக்கைக் கொடுக்கிறார். புரோநோட்டில் கையெழுத்து வாங்குகிறார். பழைய நோட்டுக்குப் புது நோட்டு எழுதுகிறார். கணவருக்கு முழுக் கணக்குத் தெரியாது. கடைசியில் வீட்டுச் சாமான்கள் ஜப்திக்கு வருகின்றன. அவர்களுடைய சின்னப் பெண் பஞ்சாலை வேலைக்குப் போகிறாள். மாதத் தவணை கட்டும் எவருக்கும் இது பழைய கதையாகத் தெரியாது.

மகள் முடித்ததும் நீங்கள் வாங்கிப் படியுங்கள். அந்த வண்டி மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. நேரே அங்கே போய்விடாதீர்கள். பிறகு அந்தத் துணிக்கடைக்காரரைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காலண்டர் தாள் அப்படியே இருக்கட்டும். நூலகப் புத்தகம் என்றால் அழுக்காகாது.