'எதிர்பார்த்ததுதானே' என்பதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சொல்லலாம்?

'ஆஸ் எக்ஸ்பெக்டட்' தவிர வேறு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு, ஆனால் எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

நீங்கள் சொன்னது கந்தோர்க் கடிதத்துக்குச் சரி. நல்லூர்த் தேரன்று கோயிலடியில் நிற்கிற சிநேகிதர் 'மோட்டார் சைக்கிள் விட இடமில்லை' என்று போன் எடுத்தால், 'நோ சர்ப்ரைஸ் தெயர்' (No surprise there) என்பதுதான் பொருத்தம். 'பின்ன என்ன, இண்டைக்குத் தேரெல்லோ' என்கிற அதே தொனி.

'நோ வொண்டர்' கொஞ்சம் வேறு. காரணம் இப்போதுதான் பிடிபட்டது என்றால் மட்டும் அதைச் சொல்லுங்கள். காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. போய்ப் பார்த்தால் கிணற்று மோட்டார் வயரை அணில் கடித்திருக்கிறது. அப்போது வருவது 'நோ வொண்டர்'.

'பார் ஃபார் த கோர்ஸ்' (Par for the course) கோல்ஃபிலிருந்து வந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை எத்தனை தரம் அடித்து முடிப்பார் என்று வைத்திருக்கும் கணக்குத்தான் 'பார்'. ஆட்டத்தில் அது நல்ல விஷயம், பேச்சிலோ பெரும்பாலும் சலிப்பு. மினிபஸ்காரர் 'இந்தா வெளிக்கிடுது' என்று ஏற்றிவிட்டு, ஆள் நிரம்பும் மட்டும் நின்றால் தாராளமாகச் சொல்லலாம். 'டிபிக்கல்' என்று தனியாகச் சொன்னால் எரிச்சல் இன்னும் கூட, மேலதிகாரியிடம் வேண்டாம்.

அப்புறம் 'ஃபிகர்ஸ்'. அமெரிக்கர் வாயில்தான் அதிகம். பேச்சுக்கு ஓகே, எழுத்தில் நான் பாவிப்பதில்லை.