பலாலியில் ஏறி இரத்மலானையில் இறங்காதவர்கள்

கேள்வி: 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்று என் மாமி சொன்னார். உண்மையா? என் வயதுக்காரர் யாருக்கும் இது தெரியவில்லையே. (வாசகி, வவுனியா)

பதில்: உண்மைதான். அந்த வருடம் செப்டெம்பர் 29ஆம் திகதி. லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் 24 ரக விமானம், யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஏறி கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இறங்கவேண்டியது. கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி அறிவித்தார், அப்புறம் ராடாரில் விமானம் இல்லை. பயணிகள் 48 பேர், பணியாளர்கள் 7 பேர், ஆக 55 உயிர்கள்.

அந்தக் காலத்தில் ஏன் விமானத்தில் போனார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடிக்கிடந்தது. கப்பல் என்றால் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்கு வேறு வழி பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இராணுவத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், அதற்கு எத்தனை நாள் அலைந்தார் என்று உங்கள் மாமியிடமே கேட்டுப் பாருங்கள். வைத்தியத்துக்கு, விசாவுக்கு, பிள்ளைகளைப் பார்க்க என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம், இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்றுதான் டிக்கெட்டைக் கையில் வாங்கியிருப்பார்கள்.

பிறகு 14 வருடம் ஒரு தடயமும் இல்லை. 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகளைக் கடற்படை கண்டுபிடித்தது. வெளியே எடுத்த உடைகளை உறவினர்கள் பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று யாழ்ப்பாணத்தில் வைத்தார்கள். இத்தனை வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்து நிறம் போன ஒரு சட்டையைப் பார்த்து, இது அவருடையதுதானா என்று தையலையும் பொத்தானையும் ஒரு பெண் தேடவேண்டியிருந்தால் அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இதை எழுதும்போதுகூட என்னால் அதைத் தாண்டி நகர முடியவில்லை.

கேள்வி: சுட்டது யார்? நேரடியாகப் பதில் சொல்லுங்கள். (வாசகர், மன்னார்)

பதில்: சொல்கிறேன். விசாரணைகள் விடுதலைப் புலிகளையே காட்டின. அவர்கள் பொறுப்பேற்கவில்லை. விமானங்களில் படையினரை ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது இருந்தது, சரி, ஆனால் அன்று அதில் பயணிகளாக இருந்தவர்கள் நம் சனங்கள். 1995இல் நவாலி தேவாலயத்தில் அரசின் விமானப்படை போட்ட குண்டு விழுந்ததை நாம் வருடா வருடம் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். இந்த 55 பேரை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டோம், சுட்ட கை எது என்பதால். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

கேள்வி: பலாலி விமானத்தைத் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள் என்கிறார்கள். அப்படி ஒரு விமானத்தை வீழ்த்த முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: முடியும். அது எஞ்சின் சூட்டைத் தேடிப் போகும். எட்டும் உயரம் சில கிலோமீட்டர்தான், அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் 298 பேரோடு விழுந்த மலேசிய விமானம் 33,000 அடியில் பறந்தது, அதை வீழ்த்தியது வாகனத்தில் ஏற்றிய பெரிய புக் ஏவுகணை.

கேள்வி: இப்படிச் சுடுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? (வாசகி, சென்னை)

பதில்: இருக்கிறது. 1983இல் சோவியத் போர் விமானம் கொரிய விமானத்தைச் சுட்டு 269 பேர் இறந்த பிறகு, பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பாவிக்கக்கூடாது என்று, நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் 3 பிஸ் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சேர்க்க முடிவெடுத்தது 1984இல், நடைமுறைக்கு வந்தது 1998 ஒக்டோபர் 1, பலாலி விமானம் விழுந்து இரண்டே நாளில். அது அரசுகளைக் கட்டுப்படுத்தும். ஆயுதக் குழுவோ தனி ஆளோ செய்தால் 1971 மொன்றியல் உடன்படிக்கைப்படி குற்றம். மலேசிய விமான வழக்கில் நெதர்லாந்து நீதிமன்றம் 2022இல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, மூவருமே நீதிமன்றத்துக்கு வரவில்லை.

பலாலி விமானத்தில் யாரையாவது இழந்தவர்கள் இதைப் படித்தால், நீங்கள் இழந்தவர் அன்று எதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்டார் என்பதை மட்டுமாவது எங்களுக்கு எழுதுங்கள்.