அஃப்ரோடைட்டிக்கு அப்பா யார்?

கேள்வி: ஏழாவது படிக்கும் மகளுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லி வருகிறேன். அவள் தெய்வங்களின் வம்சாவளிப் படம் வரைகிறாள். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி கடல் நுரையில் பிறந்தாள் என்கிறது ஒரு புத்தகம். தெய்வங்களின் அரசன் ஜீயஸின் மகள் என்கிறது இன்னொன்று. எதை எழுதச் சொல்வது?

பதில்: இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். புத்தகங்களில் பிழை இல்லை. எல்லோருக்கும் பொதுவான வேதநூல் என்று ஒன்று பழைய கிரேக்கர்களிடம் இருந்ததில்லை. ஊருக்கு ஊர் வழிபாடு வேறு, கவிஞருக்குக் கவிஞர் கதை வேறு.

ஜீயஸின் மகள் என்று சொல்பவர் கவிஞர் ஹோமர். அவருடைய இலியட் காவியத்தில், போர்க்களத்தில் கையில் காயம்பட்ட அஃப்ரோடைட்டி ஓடிப்போய் விழுவது தாய் டயோனியின் மடியில். நுரைக் கதை இன்னொரு கவிஞர் ஹெசியடுடையது. கி.மு. 700 வாக்கில் அவர் பாடிய 'தியோகனி' ஆயிரம் அடிகளுக்குச் சற்றே கூடுதல். தெய்வங்களின் பிறப்பை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறது. படத்துக்கு அதையே அடிமரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோன்றியது கேயாஸ், அதாவது வாய்பிளந்த வெறுமை. அடுத்து கையா என்ற பூமி. அவள் துணையின்றி ஊரனோஸ் என்ற வானத்தைப் பெறுகிறாள். அப்புறம் அவனோடு சேர்ந்து டைட்டன்கள் என்ற மூத்த தெய்வங்களை. பிள்ளைகளை வெளிச்சம் காணவிடாமல் அவளுக்குள்ளேயே ஊரனோஸ் அடைத்து வைக்க, வேதனை தாங்காத கையா ஓர் அரிவாள் செய்து கடைசி மகன் க்ரோனோஸ் கையில் கொடுக்கிறாள். அவன் தந்தையின் ஆண்குறியை அறுத்துக் கடலில் எறிகிறான். அதைச் சுற்றித் திரண்ட நுரையில் பிறந்தவள்தான் அஃப்ரோடைட்டி. கிரேக்கத்தில் 'அஃப்ரோஸ்' என்றால் நுரை.

மகளிடம் 'தந்தையை வெட்டி, வெட்டுண்டதைக் கடலில் எறிந்தான்' என்றால் போதும். ஆனால் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தன்னையும் ஒரு மகன் வீழ்த்துவான் என்ற பயத்தில்தான் க்ரோனோஸ் தன் பிள்ளைகளை விழுங்குகிறான். அவன் மனைவி ரியா, குழந்தை ஜீயஸை ஒளித்துவிட்டு, துணி சுற்றிய கல்லைக் கொடுக்கிறாள். கதையின் வேரும் கிரேக்கத்தோடு நிற்கவில்லை. இன்றைய துருக்கியில், ஹத்துசாவில் கிடைத்த, ஹிட்டைட் என்ற பழங்கால மக்களின் களிமண் பலகைகளில் குமார்பி என்ற தெய்வம் வானதெய்வம் அனுவின் குறியைக் கடித்துத் துண்டிக்கிறது. ஹெசியடை விடப் பல நூற்றாண்டு மூத்த பலகைகள் அவை. முதல்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, படத்துக்கு வருவோம். ஹெசியட் சொல்வதை முழுக்கோடாகவும், ஹோமர் சொல்வதைப் புள்ளிக்கோடாகவும் வரையச் சொல்லுங்கள். கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டோஸ் வரும்போதும் இது உதவும்: ஹோமரில் அவன் ஜீயஸுக்கும் ஜீயஸின் மனைவி ஹேராவுக்கும் மகன், ஹெசியடில் ஹேரா தனியாகப் பெற்றவன்.