ஒன்பது நாள் கழித்து 24 அங்குலப் பனியாம்: டிக்கெட்டை மாற்றலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் மார்ச் இரண்டாம் வாரம் நூவர்க்கிலிருந்து சென்னைக்குத் திரும்ப வேண்டும். என் பதினைந்து வயது மகன் எந்நேரமும் வானிலை வரைபடங்களோடுதான் இருப்பான். பயண நாளன்று 24 அங்குலப் பனி விழும் என்று ஒரு வரைபடத்தைக் காட்டுகிறான். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. டிக்கெட்டை மாற்றிவிடலாமா? இதே புயலால் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் என் தம்பிக்கு டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) ஆபத்து என்றும் சொல்கிறான். எதை நம்புவது?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் மகன் காட்டியது பொய்யான படம் அல்ல. அது ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினி மாடலின் படமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மாடல் தினமும் நான்கு முறை ஓடுகிறது; ஒவ்வொரு முறையும் பதினாறு நாள் வரை கணக்குப் போடுகிறது. காலையில் 24 அங்குலம் காட்டிய அதே மாடல் மாலையில் புயலைக் கடலுக்குள் தள்ளிவிட்டு எடிசனுக்கு வெயில் காட்டலாம். ஒன்பது நாள் தொலைவில் அதன் பொருள் ஒன்றுதான்: அந்த வாரம் கிழக்குக் கடற்கரையில் புயல் உருவாக இடமிருக்கிறது.

காரணம் எளிது. மார்ச்சில் உங்கள் பக்கம் பனி கொட்டும் நார்ஈஸ்டர் என்ற கிழக்குக் கடற்கரைப் புயலின் மூலக்கரு, ஒரு வாரத்துக்கு முன் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேல்தான் இருக்கும். அங்கே செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன, சில சமயம் ஆய்வு விமானங்களும் பறக்கின்றன. ஆனால் நிலத்தில் நாளுக்கு இருமுறை ஏற்றப்படும் பலூன்களின் அடர்த்தியான அளவீடு அங்கே இல்லை. அந்தக் கரு கலிபோர்னியா அல்லது வாஷிங்டன் கரையைத் தாண்டிய பிறகுதான் மாடல்களுக்குப் பிடி கிடைக்கிறது. புயலுக்கு மூன்று நாள் முன்பு முன்னறிவிப்பு சட்டென்று மாறுவது இதனால்தான். எந்த ஆண்டும் இது நடக்கும், யாரும் ஏமாற்றவில்லை.

எனவே உங்கள் மகனிடம் வேறு கேள்வி கேளுங்கள்: "ஒரே ஓட்டத்தை விடு. குழு முன்னறிவிப்பு என்ன சொல்கிறது?" ஆரம்ப நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவதுதான் குழு முன்னறிவிப்பு. ஐரோப்பிய வானிலை மையம் 50-க்கும் மேற்பட்ட முறையும், அமெரிக்கர்கள் 30-க்கும் மேற்பட்ட முறையும் ஓட்டுகிறார்கள். அவற்றில் ஐந்தாறில் மட்டும் பெரும்பனி இருந்தால் தூங்கப் போகலாம். பாதிக்கு மேல் இருந்து, அடுத்த நாளும் அதே நிலை தொடர்ந்தால் விமான நிறுவனத்தின் விதிகளை எடுத்துப் படியுங்கள். சராசரியை மட்டும் பார்க்க வேண்டாம். பாதி ஓட்டங்கள் பூஜ்யமும் மீதி ஓட்டங்கள் 16 அங்குலமும் சொன்னால் சராசரி எட்டு வரும். அந்த எட்டை ஓர் ஓட்டம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் மாதத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரைபடங்களில் பெரும்பாலானவை ஓர் அங்குல மழைநீர் பத்து அங்குலப் பனியாகும் என்ற கணக்கில் வரையப்படுகின்றன. ஜனவரிக் குளிரில் அது ஓரளவு சரி. மார்ச்சில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருப்பதால் பனி ஈரமாக விழும்; ஐந்து, ஆறு அங்குலமே சேரும். மாத நடுவில் சூரியன் செப்டம்பர் கடைசியில் நிற்கும் உயரத்தில் நிற்கிறது. பகலில் மெல்லப் பெய்யும் பனி தார்ச்சாலையில் நிற்காமல் உருகிவிடும். அதே பனி இரவிலோ மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் வேகத்திலோ கொட்டினால் கதையே வேறு. ஆகவே எவ்வளவு என்பதோடு எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் என்றும் பாருங்கள்.

இதைவிடப் பெரியது மழைக்கும் பனிக்கும் இடையிலான எல்லைக்கோடு. பல புயல்களில் அது கிழக்குக் கடற்கரை நகரங்களை இணைக்கும் 95-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடும். எடிசன் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. புயலின் மையம் முப்பது, நாற்பது மைல் கரைப்பக்கம் நகர்ந்தாலே போதும், கடலின் வெதுவெதுப்பான காற்று மேலடுக்கில் நுழைந்து, விழும் பனியை வழியிலேயே உருக்கிவிடும். தரைக்கு வரும்போது அது ஐஸ் மணிகளாகவோ மழையாகவோ மாறியிருக்கும். 2017 மார்ச் 14 அன்று நடந்தது இதுதான். நியூயார்க் நகரத்துக்கு ஓர் அடிக்கு மேல் பனி என்று எச்சரித்திருந்தார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம். அதே புயல் கடலிலிருந்து தள்ளி, நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் 30 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. புயல் பொய்க்கவில்லை, கோடு நகர்ந்தது. வானிலை ஆர்வலர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விழித்திருந்து பார்ப்பது இந்தக் கோட்டைத்தான். உங்கள் மகனின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன்.

அவனுக்கு ஒரு நல்ல பழக்கம் சொல்லுங்கள். எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுன்டி, தேசிய வானிலைச் சேவையின் மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் பொறுப்பில் வருகிறது. அங்கே பணியில் இருப்பவர் தினமும் சில முறை முன்னறிவிப்பு விவாதக் குறிப்பு எழுதுகிறார். எந்த மாடலை எதனால் நம்பவில்லை, எந்த உயரத்தில் வெப்பக் காற்று நுழையலாம், எதில் தயக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார். எந்தச் செயலியின் பனிப்பொம்மைப் படத்தையும்விட அந்த நான்கு பத்திகள் எனக்குப் பெரிது. பனிக்கு ஆகக் குறைந்த அளவு, எதிர்பார்க்கும் அளவு, ஆக அதிக அளவு என மூன்று படங்களும் வெளியிடுவார்கள். குறைந்ததற்கும் அதிகத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் யாருக்கும் தெளிவில்லை என்று பொருள்.

உங்கள் டிக்கெட் விஷயம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். புயல் உறுதியாகத் தெரிந்தால், பெரிய விமான நிறுவனங்கள் பொதுவாக ஓரிரு நாள் முன்பே கட்டணமில்லாமல் தேதி மாற்ற அனுமதி அறிவிக்கும். அறிவித்த அன்றே மாற்றிவிடுங்கள். ரத்தான பிறகு வரிசையில் நிற்பது வயதானவர்களுக்குக் கொடுமை. பெற்றோரின் மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு இப்போதே வாங்கி வையுங்கள். மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். ஈரப்பனி கிளைகளை ஒடித்துக் கம்பிகளின் மேல் போடும். 2018 மார்ச்சில் 2, 7, 13, 21 தேதிகளில் நான்கு நார்ஈஸ்டர்கள் வந்தன. முதல் புயலில் போன மின்சாரம் திரும்புமுன்பே நியூ ஜெர்சியில் பலரை இரண்டாவது புயல் பிடித்தது.

உங்கள் தம்பியைப் பற்றிய கவலையில் நியாயம் இருக்கிறது. குளிர்காலக் கடைசியில் ஒரே புயலின் வடமேற்கில் பனியும், தெற்கில் இடியும் டொர்னாடோவும் வருவது உண்டு. 1993 மார்ச் பெரும்புயல் புளோரிடாவில் டொர்னாடோக்களையும் அலபாமாவின் பர்மிங்ஹாமில் 13 அங்குலப் பனியையும் கொண்டுவந்தது. அதை ஐந்து நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனால் டொர்னாடோ எந்தத் தெருவில் இறங்கும் என்பது நிமிடக் கணக்கில்தான் தெரியும். ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் முன்னறிவிப்பு மையம் ஐந்து படிநிலைகளில் அபாயம் காட்டுகிறது. அதில் டொர்னாடோ வாய்ப்பு 10 சதவீதம் என்றால், ஓர் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள் வருவதற்கான வாய்ப்பு அது. சிறிய எண் போலத் தோன்றும். உண்மையில் பெரிய எச்சரிக்கை.

'வாட்ச்' என்றால் சூழல் கூடியிருக்கிறது, 'வார்னிங்' என்றால் டொர்னாடோ தெரிகிறது அல்லது ரேடாரில் சுழற்சி தெரிகிறது. தென்பகுதியில் இவை இரவிலும் வரும். 2020 மார்ச் 3 அன்று டென்னசியின் குக்வில் பகுதியில் மக்கள் உறங்கும் நேரத்தில் வந்த டொர்னாடோவில் 19 பேர் உயிரிழந்தார்கள். தம்பி எச்சரிக்கை வந்தால் தானாக ஒலிக்கும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கிப் படுக்கையருகே வைக்கட்டும், கைபேசியில் அவசர எச்சரிக்கையை அணைக்காமல் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை எது என்று இன்றே முடிவு செய்து, ஷூவும் ஹெல்மெட்டும் அங்கே வைக்கட்டும். மொபைல் ஹோமில் (இடம் மாற்றக்கூடிய இலகுவான வீட்டில்) இருந்தால் வார்னிங் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடம் ஒன்றுக்குப் போய்விட வேண்டும்.