ஐஸ்போட், ஸ்கேட் செய்லிங்குக்கு நல்ல ஐஸ் தேடுறது எப்படி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

விஸ்கான்சின்ல மேடிசன் பக்கம் இருக்கேன். குளிர்காலம் வந்தா டிஎன் போட் (ஐஸ் மேல பாய் கட்டி ஓடுற ஒரு ஆள் ஐஸ்போட்) ஓட்டுவேன், இல்லன்னா ஸ்கேட்ட மாட்டிக்கிட்டு கைப்பாய் பிடிச்சிட்டு கெளம்பிடுவேன். ஐஸ் எங்க, எப்போ, எப்படி பாக்குறதுன்னு கேளுங்க. விசா, வாடகை எல்லாம் வேற எடத்துல.

ஏரிக்கரை குமார்: அக்கா, டிசம்பர்ல எந்த ஏரி முதல்ல உறையும்னு எப்படி தெரியும்?

ஆழம் பாருங்க குமார். தண்ணி 4 டிகிரி செல்சியஸ்லதான் ரொம்ப கனமா இருக்கும், அதனால மேல குளிர்ந்த தண்ணி கீழ எறங்கிக்கிட்டே இருக்கும், மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்த அப்புறம்தான் மேல் தண்ணி மேலயே தங்கி உறைய ஆரம்பிக்கும். அதான் எங்க ஊர்ல குட்டை மாதிரி இருக்குற விங்க்ரா முதல்ல, அப்புறம் கெகோன்சா, 25 மீட்டர் ஆழம் உள்ள மெண்டோட்டா கடைசில. குளிர் மட்டும் போதாது, காத்தில்லாத ராத்திரி வேணும், காத்தடிச்சா புதுசா படிஞ்ச மெல்லிசு ஐஸ் ஒடைஞ்சு கரை ஒதுங்கிடும்.

உறைஞ்சதுல இருந்து முதல் பனி விழற வரைக்கும்தான் நமக்கு சீசன். சில வருஷம் ரெண்டு வாரம் கெடைக்கும், சில வருஷம் ரெண்டு நாள். பனி மூடிட்டா அங்க உக்காந்து அழக்கூடாது, பனி விழாத ஏரி எங்கன்னு தேடணும். மினசோட்டா எல்லைல பெபின் ஏரி, மிச்சிகன் மாநிலத்து ஏரிங்கன்னு மணிக்கணக்கா கார் ஓட்டிட்டு போற ஆளுங்க இருக்காங்க. 1937 வாக்குல டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையோட பட்டறைல பொறந்த டிஎன் இன்னிக்கும் ஓடுறதுக்கு காரணமே அதான், 12 அடி உடம்பு, 60 சதுர அடி பாய், கார் கூரைல கட்டிட்டு போயிடலாம். ஜனவரில ஒரு மழை பெஞ்சு பனி கரைஞ்சு மறுபடி உறைஞ்சா சாம்பல் கலர்ல ஒரு ஐஸ் வரும், ரெண்டாவது சான்ஸ் அது.

மேகம்: சாட்டிலைட் படத்துல பாக்கலாமா?

பாக்கலாம், நான் தினமும் பாக்குறேன். ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசம், 10 மீட்டர் வரைக்கும் தெளிவு, ஆனா அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான், அன்னிக்குன்னு பாத்து மேகம் மூடும். நாசா வேர்ல்ட்வியூ வெப்சைட்ல தினமும் படம் வரும், கொஞ்சம் மங்கல். ஒரு பொறி இருக்கு: புதுசா உறைஞ்ச தெளிவான கருப்பு ஐஸும் தொறந்த தண்ணியும் படத்துல ஒரே மாதிரி கருப்பாத்தான் தெரியும். உள்ள வெள்ளைக் கோடு கோடா விரிசல் தெரிஞ்சா ஐஸ். ஒண்ணும் தெரியலன்னா தண்ணின்னே வெச்சிக்கோங்க. படம் எந்த ஏரிக்கு போகணும்னு சொல்லும், எறங்கலாமான்னு சொல்லாது.

ராஜேஷ்_எம்என்: எத்தன இன்ச் இருந்தா போதும்?

நடக்க 4 இன்ச், புது தெளிவான ஐஸா இருந்தா. இது மினசோட்டா டிஎன்ஆர் (மாநில இயற்கை வளத் துறை) சொல்ற கணக்கு. டிஎன்னுக்கும் நான் அதுக்கு கீழ எறங்க மாட்டேன். பனி ஊறி உறைஞ்ச வெள்ளை ஐஸ்னா டபுள். பேட்டரி டிரில், நீளமான பிட், ஒரு டேப், இத எடுத்துக்கிட்டு போற வழியெல்லாம் துளை போட்டு அளக்கணும். ஐஸ் பிக் (விழுந்தா ஐஸ்ல குத்தி ஏறுற கைப்பிடி ஆணி) ரெண்டு கழுத்துல தொங்கணும். தனியா போகாதீங்க.

சிகாகோ வாசி: மிச்சிகன் ஏரி கரைல பெருசு பெருசா ஐஸ் நிக்குதே, அதுல?

வேண்டாம். அது அலை தெறிச்சு கட்டுன ஷெல்ஃப் ஐஸ், உள்ள பொந்து இருக்கும். படம் எடுத்துட்டு வீட்டுக்கு போங்க.

பிரகாஷ் சார்: மேல ஒரு அடி பனி இருந்தா கீழ ஐஸ் இன்னும் கெட்டியாத்தானே இருக்கும்? பனின்னாலே குளிர்தானே மேடம்.

நேர் எதிர் சார். பனி ஒரு போர்வை. ஏரிக்குள்ள இருக்குற சூட்ட வெளிய விடாது, ஐஸ் வளர்றது கிட்டத்தட்ட நின்னே போயிடும்.

பிரகாஷ் சார்: போர்வை மனுஷனுக்கு. ஏரிக்கு உள்ள என்ன சூடு? ஜீரோ டிகிரி.

காத்து மைனஸ் 20, கீழ தண்ணி ஜீரோவுல இருந்து 4 வரைக்கும். காத்தோட பாத்தா தண்ணிதான் சூடு. அந்த சூடு ஐஸ் வழியா மேல ஏறி வெளிய போனாத்தான் அடியில புது ஐஸ் பிடிக்கும். பனி இல்லாத மெல்லிசு ஐஸ்னா, ஒரு நாள் சராசரி 17 டிகிரி ஃபாரன்ஹீட் (ஏறக்குறைய மைனஸ் 8 செல்சியஸ்) இருந்தா ஏறக்குறைய ஒரு இன்ச் ஏறும்னு எங்க ஆளுங்க கணக்கு. ஐஸ் தடிக்க தடிக்க அதுவும் கொறையும், ஏன்னா ஐஸே ஒரு தடுப்பு.

டுலூத் பையன்: சார் சொல்றதும் பாதி சரிதான் அக்கா, எங்க ஏரில பனி விழுந்த அப்புறம் டிரில் போட்டா மொத்தமா அதிகமாத்தான் காட்டுது.

நல்ல பாயிண்ட் தம்பி, ஆனா என்ன ஐஸ்னு பாத்தீங்களா? பனி பாரத்துல ஐஸ் அமுங்கும், விரிசல் வழியா தண்ணி மேல வரும், பனில ஊறி சேறு மாதிரி ஆகி உறையும். அதான் வெள்ளை ஐஸ். டேப் 7 இன்ச் காட்டும், அதுல 4 வெள்ளைன்னா நான் அந்த நாலை ரெண்டாத்தான் எண்ணுவேன். நடுவுல உறையாத சேறு ஒரு அடுக்கு இருந்தா அதுக்கு மேல உள்ளத கணக்குலயே சேக்க மாட்டேன்.

பிரகாஷ் சார்: அப்ப எஸ்கிமோ எதுக்கு பனி வீடு கட்டுறான்?

அதேதான் சார்! உள்ள இருக்குறவன் சூடு வெளிய போகாம இருக்கத்தான் கட்டுறான். எனக்காக நீங்களே வாதாடிட்டீங்க.

பிரகாஷ் சார்: யோசிக்கிறேன்.

யோசிங்க. டிரில் வாங்கிட்டு யோசிங்க.

நியூ_இன்_மேடிசன்: மீன் பிடிக்கிறவங்க கூடாரம் போட்டு உக்காந்திருக்காங்க, அப்ப சேஃப்தானே? எத்தன இன்ச் வேணும்?

இன்ச் கணக்கு மேல ராஜேஷுக்கு சொல்லியாச்சு. மீன்காரங்க கடப்பாரையால குத்தி குத்தி நடந்து போய் ஒரே எடத்துல உக்கார்றவங்க. அவங்களுக்கு அந்த எடம் மட்டும் தாங்குனா போதும். நீங்க காத்தவிட மூணு நாலு மடங்கு வேகத்துல பத்து நிமிஷத்துல ஏரியோட அந்தக் கடைசிக்கு போயிடுவீங்க. கார் நிறுத்துன எடத்துல அளந்தது அங்க செல்லாது. ஆறு உள்ள வர்ற எடம், வெளிய போற எடம், பாலத்துக்கு அடி, ஊத்து, வாத்துக் கூட்டம் ராத்திரி உக்காந்த எடம், இதெல்லாம் பக்கத்துல 8 இன்ச் இருக்கும்போதே தொறந்து கெடக்கும். மெண்டோட்டால இருந்து யஹாரா ஆறு மொனோனாவுக்கு எறங்கற வாய் பக்கம் நான் போறதே இல்ல. போட்ட கட்டறதுக்கு முன்னாடி ஓட்டப்போற எடம் முழுக்க ஸ்கேட்ல சுத்தி வாங்க, கம்பால குத்துங்க.

விக்கி: காத்தவிட வேகமா எப்படி போகும், பொய் சொல்லாதீங்க.

தோற்றக் காத்துன்னு (apparent wind) தேடிப் படிங்க, இங்க ஐஸ் பத்தி மட்டும்.

அனு: பிரஷர் ரிட்ஜ்னா என்ன? அத தாண்டலாமா?

ராத்திரி ஐஸ் சுருங்கி விரிசலிடும், விரிசல்ல தண்ணி வந்து உறையும், பகல்ல சூடேறி விரியும்போது எடம் பத்தாம முட்டி மேல எழும்பும். நிலம் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற எடங்கள்ல இருந்து பெரும்பாலும் கெளம்பும். மேல எழுந்தது கண்ணுக்கு தெரியும், சில சமயம் ரெண்டு பக்கமும் ஐஸ் கீழ மடங்கி தண்ணி நிக்கும், வேகத்துல அது தெரியாது. காலைல தாண்டுன எடம் காத்து திரும்பினா மதியம் தொறந்திருக்கும். நிறுத்துங்க, எறங்குங்க, நடந்து போய் குத்திப் பாருங்க, போட்ட தள்ளிக்கிட்டு தாண்டுங்க. சந்தேகம்னா இந்தப் பக்கமே ஓட்டுங்க, ஏரி பெருசுதான்.

கோபி: ஐஸ் ஒடைஞ்சு தண்ணில விழுந்துட்டா?

முதல் ஒரு நிமிஷம் மூச்ச நிதானப்படுத்துங்க, அப்புறம் கைகால் ஒழுங்கா வேலை செய்ய 10 நிமிஷம், நினைவு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதனால பதறாதீங்க. வந்த பக்கமே திரும்புங்க, அந்த ஐஸ்தான் உங்கள தாங்கிச்சு. பிக்க குத்தி, கால நீச்சல் மாதிரி அடிச்சு, படுத்தாப்ல ஏறி உருண்டு போங்க, எழுந்து நிக்காதீங்க. பிக் பைக்குள்ள இருந்தா பிரயோஜனம் இல்ல, கழுத்துல, கழுத்துல, கழுத்துல.

செந்தில்: மார்ச் கடைசி, 12 இன்ச் இருக்கு, போலாமா? எத்தன இன்ச் வேணும்?

மூணாவது தடவை இன்ச்! மார்ச்ல இன்ச்ச மறந்துடுங்க செந்தில். வெயில் உள்ள போய் ஐஸ நெட்டுக்குத்தா குச்சி குச்சியா பிரிச்சிருக்கும், 12 இன்ச்சும் கால் வெச்சா கொட்டிடும். காலைல இரும்பு மாதிரி இருந்தது மதியம் இருக்காது. கடப்பாரைல ரெண்டு குத்துல எறங்குச்சுன்னா போட்ட மறுபடி கார்ல கட்டுங்க.

லாவண்யா: டொரான்டோல எங்க போகலாம்?

அந்தப் பக்கத்து ஐஸ்போட் கிளப்ப கேளுங்க, அவங்க காலைல டிரில் போட்டவங்க. தனியா போகாதீங்க.