டயலில் விழுந்த பழுப்பு

அன்புள்ள ஐயா,

பெரியப்பாவின் குரோனோகிராஃப் வாட்ச், அதாவது பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் வசதியுள்ள வாட்ச், என் கைக்கு வந்திருக்கிறது. 1950களின் கடைசியில் வாங்கியது என்கிறார் அப்பா. உள்ளே வால்ஜு 72 இயந்திரம். வெள்ளி நிற டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்று மட்டும் இருக்கிறது. எண்களருகே உள்ள ஒளிர்புள்ளிகள் பழுப்பேறிவிட்டன, முட்களின் பூச்சு மட்டும் வெளுப்பாக இருக்கிறது. எட்டு இருபது காட்டும் இடத்தில் டயலில் இரண்டு பழுப்புக் கறைகள். ரிப்பேர் செய்பவர் டயலைப் புதிதாக எழுதி, கேஸைப் பாலிஷ் போட்டு, பழைய பூச்சைச் சுரண்டிப் புதிது வைத்துத் தருகிறேன் என்கிறார். செய்தால் மதிப்பு கூடுமா? வால்ஜு 72 உண்மையிலேயே உயர்ந்ததா? முதலீடாக வைத்திருக்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் பதறியது இதற்காகத்தான். அந்த வாட்சை இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை என்றே நம்புகிறேன்.

வால்ஜு 72 நல்ல இயந்திரம், 1938இல் வந்தது. ரோலக்ஸ் டேடோனாவிலும் ஹொய்யர் கரேராவிலும் அதன் வடிவங்கள்தான் ஓடின. அதற்குமேல் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலீட்டுக் கேள்விக்கு நான் ஆளில்லை. பெரியப்பா கட்டியிருந்த பொருளுக்கு, அது கைக்கு வந்த வாரமே விலை விசாரிக்கவும் வேண்டாம்.

நீங்கள் கறை என்று எழுதிய அந்த இரண்டு பழுப்புகளைப் பற்றித்தான் பேச வேண்டும். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்காலத்து முட்களின் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அதில் ரேடியம் கலந்த பூச்சை நிரப்புவார்கள். வாட்ச் நின்றுபோய் மேசையறைக்குள் வருடக்கணக்கில் கிடந்தால், முள் நின்ற இடத்தில் அந்தக் கதிர்வீச்சு டயலின் மேற்பூச்சைச் சுட்டுப் பழுப்பாக்கிவிடும். உங்கள் பெரியப்பா கடைசியாக அதைக் கழற்றி வைத்தபிறகு ஒரு எட்டு இருபதில் அது நின்றிருக்கிறது, யாரும் தொடவில்லை. இதைத் துடைத்துப் புதிதாக்கத்தானா காசு கொடுக்கப் போகிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. முட்களின் பூச்சு மட்டும் வெளுப்பாக இருப்பதால் முட்கள் அசலா என்ற சந்தேகம் வரும், அதற்கு அந்தப் பழுப்பே பதில் சொல்லும். சாவி கொடுக்கும் குமிழான கிரவுனை இழுத்து முட்களை எட்டு இருபதுக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். திறப்பின் நீளமும் அகலமும் பழுப்பின்மேல் சரியாக உட்கார்ந்தால், அங்கே நின்றவை பெரும்பாலும் இந்த முட்கள்தான், பூச்சை மட்டும் யாரோ பிறகு மாற்றியிருக்கலாம். டார்ச் அடித்து அணைத்தபின் வெகுநேரம் ஒளிர்ந்தால் பூச்சு நிச்சயம் புதிது. பழைய ரேடியப் பூச்சில் ஒளிரும் பொருள் எப்போதோ செத்திருக்கும். ஆனால் ரேடியம் சாகவில்லை, அதன் அரைவாழ்வு 1600 ஆண்டு. அதைச் சுரண்டினால் வரும் தூள் மூச்சில் போகும். சுரண்டுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லும் ஒருவரிடம் எப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

எனக்கு வாட்ச் பார்க்கச் சொல்லித்தந்தவர் ஒரு வயதான ரிப்பேர்காரர். எது வந்தாலும் முதலில் பின்மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு சர்வீஸின்போதும் யாராரோ ஊசிமுனையால் கீறிய தேதிகள், குறியெழுத்துகள் அங்கே இருக்கும். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை உட்புறத்தையும் சேர்த்துப் பாலிஷ் போட்ட வாட்ச் ஒன்று வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் படிக்க எதையும் விட்டுவைக்கவில்லையே” என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாலிஷைப் பற்றி மக்கள் தவறாகவே நினைக்கிறார்கள். அது அழுக்கை எடுப்பதில்லை, எஃகை எடுக்கிறது. பட்டை கோர்க்கும் நான்கு காதுகளைப் பாருங்கள். அசலில் மேற்புறமும் பக்கவாட்டும் சந்திக்கும் விளிம்பு விரல் நகத்தில் தட்டும். காதில் பட்டையைப் பிடிக்கும் ஊசிக்கான துளை இருந்தால் அதன் வாய் கூர்மையான வட்டமாக இருக்கும். இரண்டு மூன்று பாலிஷ் கண்டால் விளிம்பு மழுங்கி, துளையின் வாய் புனல்போல விரிந்துவிடும். எஃகைத் திருப்பி ஒட்ட முடியாது. டயலும் அப்படித்தான். சிறுவட்டங்களுக்குள் இசைத்தட்டின் வரிகள்போல மெல்லிய வளையங்கள் ஓடுகின்றன அல்லவா, திரும்ப எழுதும்போது அவை பெயிண்டில் மூழ்கிப்போகும். நிமிடக் கோடுகள் வட்டத்தைத் தொடாமல் நிற்கும், இல்லையென்றால் தாண்டி ஓடும்.

பழுப்புக்கு விலை கூடியதும் அதைச் செயற்கையாக உண்டாக்கவும் ஆள் வந்துவிட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். 2021இல் ஜெனீவா ஏலத்தில் பழுப்பேறிய டயல் கொண்ட பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குமேல் போனது. அது பல வாட்சுகளின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது என்று 2023இல் ஒமேகாவே சொன்னது. உதிரிகளில் பெரும்பாலானவை உண்மையானவைதான். ஆனால் அவை சேர்ந்து மூப்படையவில்லை. அசல் என்று நான் சொல்வது இந்தச் சேர்ந்து மூப்படைதலைத்தான். முள்ளும் டயலும் கேஸும் ஒரே வெயிலை, ஒரே வியர்வையை, ஒரே இருட்டை வாங்கியிருக்க வேண்டும். உங்கள் முள்ளுக்குக் கீழே உள்ள பழுப்பு அதற்குச் சாட்சி. அதை இன்னொரு டயலில் யாரும் கொண்டுபோய் வைக்க முடியாது.

இயந்திரத்தை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடுங்கள். அதுவரை பொத்தான்களை அழுத்த வேண்டாம், உலர்ந்த எண்ணெயோடு ஓடினால் பற்கள் தேயும். டயல், முள், கேஸ் எதையும் தொடக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். மாற்றும் ஒவ்வொரு பழைய உதிரியையும் ஒரு உறையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கிரவுன் உட்பட.

அன்புடன்